ராத்திரியில் மட்டும் கை நிற்பதில்லை, டாக்டர்!

கேள்வி: எனக்கு 36 வயது. திருமணமாகி ஒன்பது வருடம். கணவர் ஒருநாளும் கை நீட்டியதில்லை. ஆனால் எதைச் செய்தாலும் குத்திப் பேசுவார். என் உடம்பை மற்றவர்கள் முன்னால் கேலி செய்வார். கோபம் வந்தால் நாள்கணக்கில் பேசமாட்டார். எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறைக்குப் போய், பசியே இல்லாமல், வயிறு வலிக்கும்வரை சாப்பிடுகிறேன். வாரத்தில் மூன்று நான்கு நாள் இப்படி. மறுநாள் வெட்கத்தில் மதியம்வரை பட்டினி கிடப்பேன். ஓராண்டாக இதே கதை. மன உறுதி இல்லாதவள் நான். கண்டிப்பான டயட் ஒன்று சொல்லுங்கள்.

பதில்: டயட் மட்டும் சொல்லமாட்டேன். இந்த நிலையில் அது உங்களுக்குக் கெடுதல்தான் செய்யும்.

பசியில்லாமல், யாருக்கும் தெரியாமல், நிறுத்த முடியாமல் சாப்பிடுவது, பிறகு தன்மேலேயே அருவருப்பு. வாரம் ஒரு முறையாவது, மூன்று மாதமாக இப்படி நடந்தால் அது ‘பிஞ்ஜ் ஈட்டிங்’ (binge eating) கோளாறாக இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ல்தான், மனநோய்களை வகைப்படுத்தும் தன் கையேட்டில் இதைத் தனி நோயாகச் சேர்த்தது. அதுவரை பலரும் இதை வெறும் வாய்க்கட்டுப்பாட்டுக் குறைவு என்றே நினைத்தார்கள். இன்றும் நினைக்கிறார்கள், சில மருத்துவர்கள் உட்பட.

உங்கள் ஒரு நாளை யோசித்துப் பாருங்கள். அவர் முகம் எப்படி இருக்கிறது, குரல் எப்படி இருக்கிறது, அடுத்து எதற்குத் திட்டுவார் என்று காலையிலிருந்து உடம்பு காவல் காக்கிறது. இந்தப் பதற்றம் நீடித்தால் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் கூடும். இனிப்பையும் கொழுப்பையும் மனம் தேடும். யாருடைய கண்ணும் உங்கள்மேல் படாத நேரம் ராத்திரி ஒன்றுதான். சாப்பிடும் அந்தச் சில நிமிடங்கள் மனம் மரத்துப்போகும். அதற்காகத்தான் கை போகிறது, ருசிக்காக இல்லை. முடிந்ததும் வெட்கம் வந்துவிடும். அவர் சொல்லும் வார்த்தைகளையே நீங்கள் உங்களைப் பார்த்துச் சொல்வீர்கள். ‘மன உறுதி இல்லாதவள்’ என்பது யாருடைய வார்த்தை?

பட்டினிதான் அடுத்த கண்ணி. பகலில் ஒடுக்கிய பசி, இரவில் மனவலியோடு சேர்ந்துகொள்கிறது. அதனால் மூன்று வேளையும் சாப்பிடுங்கள், நடுவில் சிறிதாக ஏதாவது. மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். முந்தின இரவு எவ்வளவு சாப்பிட்டிருந்தாலும் காலை உணவைத் தவிர்க்காதீர்கள். கஷ்டம்தான், தெரியும். ஆனால் சிகிச்சை அங்கேதான் தொடங்குகிறது.

மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் பேச்சு சிகிச்சையான ‘அறிவாற்றல் நடத்தை சிகிச்சை’ (CBT) இதற்கு நல்ல பலன் தரும். சாப்பிட்டதையும் அப்போதைய மனநிலையையும் எழுதி வரச் சொல்வார்கள். உங்கள் போனையும் நோட்டையும் கணவர் எடுத்துப் பார்ப்பவர் என்றால், அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், வேறு வழி பார்க்கலாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு பரிசோதனைகளும் செய்துகொள்ளுங்கள். எடை குறைக்கும் மாத்திரைகளை நீங்களாக வாங்காதீர்கள். சாப்பிட்டதை வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது உண்டென்றால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

‘அவரையும் அழைத்துப் போ, சேர்ந்து கவுன்சலிங் எடு’ என்று நல்லெண்ணத்தில் சிலர் சொல்வார்கள். வேண்டாம். முதலில் தனியாகப் போங்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க நீங்கள் உண்மையைப் பேச முடியாது; பேசினால் வீட்டில் அதுவே இன்னொரு குத்தலாகும்.

அப்புறம், ‘கை நீட்டியதில்லை’ என்று அவருக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிட்டுத்தான் மற்றதைச் சொல்கிறீர்கள். அடிக்காமலும் ஒருவரை வதைக்கலாம். நீங்கள் எழுதியிருப்பது அதைத்தான். இருப்பதா, பிரிவதா என்பது உங்கள் முடிவு. நான் அதில் தலையிடமாட்டேன். நம்பிக்கையான ஒருவருக்காவது இது தெரிந்திருக்கட்டும். பிரிய நினைத்தால், அவரிடம் சொல்வதற்கு முன்பே பெண்களுக்கு உதவும் அமைப்பு ஒன்றோடு பேசித் திட்டமிடுங்கள். அதுவரை கை நீட்டாதவர்கூட அந்த நேரத்தில் மாறலாம்.

மருத்துவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தயக்கமாக இருந்தால், எனக்கு எழுதிய இதே கடிதத்தைப் படிக்கக் கொடுங்கள். சாப்பாட்டைப் பற்றிய வரிகளை மட்டும் கிழித்துக் கொடுக்காமல், முழுசாக.