கிரேட் டேன் குட்டிக்கு என்ன உணவு, எவ்வளவு?

கேள்வி: மூன்று மாத ஆண் கிரேட் டேன் குட்டி வாங்கியிருக்கிறோம், எடை 14 கிலோ. "இது ஹெவி போன் குட்டி, எலும்பு இன்னும் ஏற வேண்டும்" என்று சொன்ன விற்பனையாளர், காலையும் மாலையும் கால்சியம் சிரப், அரை லிட்டர் பால், இரண்டு முட்டை, இவற்றோடு வயிறு நிறையப் பப்பி உணவு என்று எழுதிக்கொடுத்தார். பக்கத்து வீட்டு நண்பரோ, புரதம் அதிகமானால் கால் வளைந்துவிடும், ராகிக் கூழும் தயிர் சாதமும் போதும் என்கிறார். சில நாட்களாகக் குட்டியின் முன்னங்கால்கள் மணிக்கட்டில் முன்பக்கமாக மடங்கி நிற்கின்றன. சிரப்பின் அளவைக் கூட்டலாமா? எந்த உணவை வாங்குவது? வளர்ந்த நாய்களுக்கான உணவுக்கு எப்போது மாற்றுவது?
- ஈரோடு வாசகர்

பதில்: சிரப்பைக் கூட்ட வேண்டாம், இன்றே நிறுத்திவிடுங்கள். முன்னங்கால் மடங்கியதும் கால்சியம் போதவில்லை என்று நினைத்து டானிக்கின் அளவை ஏற்றுவதுதான் நம் ஊரில் வழக்கமாக நடக்கிறது. ஆனால் முழுமையான பப்பி உணவைச் சாப்பிடும் குட்டியிடம் இந்தக் குறை தெரிந்தால், பெரும்பாலும் அது வேகமாக எடை ஏறியதாலோ, கால்சியம் மிகுந்ததாலோ, வழுக்கும் டைல்ஸ் தரையில் நாள் முழுக்க நின்றதாலோ வந்திருக்கும். இந்த வாரத்திலேயே கால்நடை மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்னால் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். உங்கள் ஊரிலிருந்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. குட்டி நடமாடும் இடத்தில் பழைய சாக்கோ ரப்பர் விரிப்போ போட்டு வையுங்கள்.

பிறக்கும்போது அரைக் கிலோவுக்குச் சற்று மேலே இருக்கும் கிரேட் டேன் குட்டி, ஒன்றரை ஆண்டில் ஐம்பது கிலோவைத் தாண்டிவிடுகிறது. இவ்வளவு வேகத்தில் வளரும் எலும்புக்குக் கால்சியம் நிறைய வேண்டும் என்று தோன்றுவது இயல்பே. வளர்ந்த நாயின் குடல் தேவைக்கு மேற்பட்ட கால்சியத்தை உறிஞ்சாமல் வெளியேற்றிவிடும். ஏறக்குறைய ஆறு மாதம் வரை குட்டிக்கு அந்தத் தடுப்பு சரிவர அமைவதில்லை என்பதால், கொடுத்ததில் பெரும்பங்கு உடலுக்குள் போய்விடுகிறது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஹாசெவிங்கலும் அவரது குழுவினரும் 1980களில் கிரேட் டேன் குட்டிகளையே வைத்து இதை ஆராய்ந்தார்கள். உணவில் கால்சியம் 3.3 விழுக்காடு இருந்த குட்டிகளுக்குக் குருத்தெலும்பு எலும்பாக மாறுவது தடைப்பட்டு, முன்னங்கால்கள் வளைந்தன. பாதி விழுக்காட்டுக்குச் சற்று மேல் மட்டுமே கொடுக்கப்பட்ட குட்டிகளுக்கு எலும்பு மெலிந்து முறிந்தது. கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு என்பதால்தான் இந்த இனத்துக்கு டானிக்கைக் கண்ணளவில் ஊற்றக் கூடாது என்கிறேன்.

உங்கள் குட்டிக்கே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 14 கிலோ எடையுள்ள நாய் சும்மா படுத்திருக்கவே நாளுக்குச் சுமார் 500 கலோரி செலவாகும். நான்கு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு அதைப் போல மூன்று பங்கு, அதாவது 1,500 கலோரி, தேவை என்று வைத்துத் தொடங்குவது மருத்துவர்களின் வழக்கம். நூறு கிராமுக்கு 370 கலோரி தரும் உலர் உணவென்றால் இது நாளுக்கு ஏறத்தாழ 400 கிராம். அதில் கால்சியம் 1.3 விழுக்காடு இருந்தால் குட்டிக்கு 5 கிராமுக்குச் சற்று மேல் கிடைத்துவிடும். வளரும் பெரிய இனக் குட்டிக்கு ஆயிரம் கலோரிக்கு 3 முதல் 4.5 கிராம் வரை என்பதே ஏற்கத்தக்க அளவு. 1,500 கலோரிக்கு அது நாலரை முதல் ஆறே முக்கால் கிராம். உணவு மட்டுமே இந்த எல்லைக்குள் சரியாக வந்து நிற்கிறது, மேலே எஞ்சியிருப்பது ஒன்றரை கிராம்தான். அரை லிட்டர் பால் அதில் அரைக் கிராமுக்கு மேல் பிடித்துக்கொள்ளும், மீதியைச் சிரப் நிரப்பித் தாண்டியும் விடும். பாலில் முந்நூறு கலோரிக்கு மேல் இருக்கிறது என்பதையும், பல குட்டிகளுக்கு அது பேதியாகப் போகும் என்பதையும் விற்றவர் சொல்லியிருக்க மாட்டார்.

அவர் எழுதிக்கொடுத்ததில் "வயிறு நிறைய" என்ற சொல்லைச் சிரப்புக்கு அடுத்த கேடாகக் கருதுகிறேன். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹெட்ஹம்மரும் உடன் ஆய்வாளர்களும் கிரேட் டேன் குட்டிகளில் ஒரு பிரிவுக்கு வேண்டிய மட்டும் உணவும், மறு பிரிவுக்கு அளவு குறைத்தும் கொடுத்து 1974இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நிறையத் தின்றவற்றிடம்தான் எலும்பு, மூட்டுக் கோளாறுகள் மிகுந்திருந்தன. நாயின் இறுதி உயரத்தை அதன் பரம்பரை முடிவு செய்கிறது. அதிகம் ஊட்டினால் அந்த உயரத்துக்குச் சீக்கிரம் போகுமே தவிர, அதைத் தாண்டாது. தூணின் கான்கிரீட் இறுகுவதற்கு முன்பே மேல்தளத்தைப் போட்டால் என்ன ஆகுமோ, அதுதான் எலும்பு முதிர்வதற்கு முன் உடல் கனத்த குட்டிக்கும் ஆகிறது. லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுவதும் கவனித்து 2002இல் வெளியான ஆய்விலும், கால் பங்கு குறைவாக உண்டவை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்வும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது.

ஆகவே 400 கிராம் என்பதைத் தொடக்கமாக மட்டும் கொண்டு, அதன் பிறகு குட்டியின் உடலைப் பார்த்து நிர்ணயியுங்கள். உங்கள் உள்ளங்கையைத் தரையைப் பார்க்கும்படி நீட்டிக்கொண்டு, மறு கையின் விரல் நுனிகளால் புறங்கையின் விரல் எலும்புகளைத் தடவுங்கள். குட்டியின் விலாவைத் தடவும்போதும் அதே உணர்வு கிடைக்க வேண்டும்: மெல்லிய படலத்தின் கீழ் எலும்புகள் தனித்தனியாகத் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேடினால்தான் விலா கிடைக்கிறது என்றால் உணவில் பத்தில் ஒரு பங்கைக் குறையுங்கள். தூரத்திலிருந்தே எல்லா விலாவும் முதுகெலும்பும் தெரிந்தால் அதே அளவு கூட்டுங்கள். மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னால் இடுப்பு சற்று ஒடுங்க வேண்டும். கொழுகொழுவென்ற கிரேட் டேன் குட்டியைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், விருந்தினர்களும் பாராட்டுவார்கள். ஆனால் ஒல்லியாகத் தெரியும் குட்டிதான் ஒழுங்காக வளர்கிறது. வாரம் ஒருமுறை எடை போட்டுக் குறித்து வாருங்கள். நீங்கள் குட்டியைத் தூக்கிக்கொண்டு எடைக் கருவியில் நின்று உங்கள் எடையைக் கழித்தால் போதும். தூக்க முடியாத வயதில் அரிசி மண்டித் தராசு உதவும்.

புரதம் பற்றி உங்கள் நண்பர் சொல்வது பல காலம் மருத்துவர்களும் நம்பிய கருத்துத்தான். உட்ரெக்டிலேயே கிரேட் டேன் குட்டிகளுக்கு 15 விழுக்காட்டை ஒட்டிய புரதம் முதல் 32 விழுக்காட்டை ஒட்டியது வரை கொடுத்துப் பார்த்ததில், மிகுந்த புரதத்தால் எலும்புக்குத் தீங்கு வரவில்லை என்று 1991இல் வெளியான ஆய்வு காட்டியது. வளரும் குட்டிக்கு 22 விழுக்காட்டுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். ராகிக் கூழும் தயிர் சாதமும் மட்டுமே என்றால் அந்த அளவு எட்டாது. ராகியில் நூறு கிராமுக்கு முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருப்பது உண்மை. ஆனால் தானியத்தில் இயல்பாகவே உள்ள ஃபைட்டேட் என்ற பொருள், அந்தக் கால்சியத்தில் ஒரு பகுதியை உடலில் சேரவிடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். ஒரு கரண்டி தயிர் சாதத்தை ஆசைக்குக் கொடுப்பதில் தவறில்லை.

கோழியும் சோறும் கொடுப்பவர்களுக்கும் ஒரு சொல். நூறு கிராம் கோழி இறைச்சியில் பாஸ்பரஸ் சுமார் 200 மில்லிகிராம் இருக்கும்போது, கால்சியம் 12 மில்லிகிராமை ஒட்டித்தான் இருக்கும். சோறும் அந்தக் குறையை நிரப்பாது. இரத்தத்தில் கால்சியம் குறையும்போது உடல் அதை எலும்பிலிருந்து எடுத்துக்கொள்வதால், கறியும் சோறும் மட்டுமே தின்று கொழுத்த குட்டி, கட்டிலிலிருந்து குதித்ததும் காலை முறித்துக்கொள்கிறது. வளர்ந்த நாய்க்கு வீட்டு உணவைச் சரியாக அமைத்துக் கொடுக்கலாம். இவ்வளவு பெரிய இனத்தின் குட்டிக்கு மட்டும், கால்நடை ஊட்டச்சத்து அறிந்த ஒருவர் கிராம் கணக்கில் எழுதித் தராமல் அந்த முயற்சியில் இறங்காதீர்கள்.

கடையில் வாங்கும்போது பையின் முன்பக்கப் படத்தைப் பார்க்க வேண்டாம், பின்பக்கத்தைப் படியுங்கள். சாதாரணப் பப்பி உணவை விட "லார்ஜ் ப்ரீட் பப்பி" அல்லது "ஜெயன்ட் பப்பி" வகையே உங்களுக்கு உரியது. வளர்ச்சிப் பருவத்துக்கு முழுமையான உணவு என்பதோடு, பெரிய உடலளவு கொண்ட இனங்களின் வளர்ச்சிக்கும் பொருந்தும் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். பெரிய இனக் குட்டிகளுக்கு, ஈரப்பதம் நீக்கிய கணக்கில் கால்சியம் 1.8 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்காவின் தீவன விதிகளை வகுக்கும் ஆஃப்கோ அமைப்பின் வரம்பு. பையில் 1.35 விழுக்காடு என்று போட்டு ஈரப்பதம் 10 என்றிருந்தால், 1.35ஐ 0.9ஆல் வகுங்கள், 1.5 வரும், ஏற்கலாம். பாஸ்பரஸ் கால்சியத்தை மிஞ்சக் கூடாது. சிக்கல் என்னவென்றால் பல பைகளில் கால்சியத்துக்குக் குறைந்தபட்ச அளவு மட்டுமே அச்சிடப்பட்டிருக்கும். நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணை அழைத்து உண்மையான சராசரி அளவைக் கேளுங்கள். சொல்ல மறுக்கும் நிறுவனத்தின் உணவை நான் வாங்க மாட்டேன். பெரிய மூட்டையைப் பிரித்துக் கிலோ கணக்கில் லூஸாக விற்பதையும் தவிர்த்துவிடுங்கள்: அதில் எந்த விவரமும் கிடைக்காது, நம் வெக்கையில் கொழுப்பும் சீக்கிரம் சிக்கெடுத்துவிடும். நல்ல உணவு கிடைத்த பிறகு, முட்டை, பன்னீர், பிஸ்கட் எல்லாம் சேர்த்து நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். இப்போதைக்கு ஒரு வேக வைத்த முட்டை போதும். வெங்காயம், திராட்சை, சாக்லேட், வெந்த எலும்பு எதுவும் கூடவே கூடாது.

நாளின் அளவை இப்போது மூன்று அல்லது நான்கு வேளையாகப் பிரியுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டு வேளை, வாழ்நாள் முழுவதும் அதற்குக் குறையாமல். வயிறு உப்பித் திருகிக்கொண்டு சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும் நோய்க்குக் கிரேட் டேன் மிக எளிதில் ஆளாகும் இனம். ஒரே வேளையில் மொத்தமாகத் தின்பதும், அவசரமாக விழுங்குவதும் அந்த ஆபத்தைக் கூட்டும். தட்டை ஸ்டாண்டில் உயர்த்தி வைக்கச் சொல்வார்கள். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வு அதனால் ஆபத்து கூடுவதாகவே கண்டது, எனவே தரையிலேயே வையுங்கள். சாப்பிட்ட பின் ஒரு மணி நேரமாவது ஓட விடாதீர்கள்.

வளர்ந்த நாய்களுக்கான உணவுக்கு அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். இந்த இனத்தின் எலும்பு முதிர ஒன்றரை ஆண்டு ஆகும். பதினெட்டு மாதம் நிறைந்து எடையும் ஏறக்குறைய நிலைத்த பிறகு, பழைய உணவில் புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து பத்து நாளில் மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கு முன் எந்த மாதத்திலாவது குட்டி நொண்டினாலோ, மணிக்கட்டுக்கு மேல் வீங்கிக் காய்ச்சலோடு எழ மறுத்தாலோ, டானிக் கடைக்குப் போகாமல் அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். போகும்போது உணவுப் பையின் பின்பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள், அவர் முதலில் கேட்பது அதைத்தான்.