இங்கிலாந்தில் பழைய வீடு மாதிரி இருக்கும் கட்டிடங்களில் கடைகள் நடக்கின்றனவே, அவை கடைக்காகவே கட்டியவையா?

பெரும்பாலும் இல்லை. குடியிருக்கக் கட்டிய வீடுகள்தான், கடை பிற்பாடு உள்ளே புகுந்தது. படிக்கிற காலத்தில் பாத் நகரத்தில் அப்படி ஒரு வீட்டுக்குள் இருந்த துணிக்கடையில் பகுதி நேர வேலை பார்த்தேன். அதனால் இந்த விஷயத்தில் நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிடப் பெட்டி தூக்கித் தெரிந்துகொண்டதுதான் அதிகம்.

1714 முதல் 1830 வரை வரிசையாக நான்கு ஜார்ஜ் மன்னர்கள் ஆண்டார்கள். அந்தக் காலத்துக் கட்டிடங்களைத்தான் ஜார்ஜியன் என்கிறார்கள். பாத்தின் மில்சம் தெரு 1760களில் எழுந்தது. வெந்நீர் ஊற்றுக்கும் விருந்துக்குமாக வந்த பணக்காரர்கள் சில வாரமோ சில மாதமோ வாடகைக்குத் தங்கிப் போகும் ஊர் அது. கையில் காசும் நிறைய ஓய்வும் உள்ளவர்கள் மாடியில் தங்கியிருந்தால், கீழே தொப்பிக்கடை வராமல் இருக்குமா? ஜேன் ஆஸ்டின் 1790களின் கடைசியில் எழுதிய ‘நார்தாங்கர் அபே’ நாவலில் ஒரு பெண் மில்சம் தெருக் கடை ஜன்னலில் பார்த்த தொப்பியைப் பற்றி வியந்து பேசுவாள். அதே நாவலில் ஒரு ஜெனரல் குடும்பத்தோடு தங்கியிருப்பதும் அதே தெருதான். வீடும் கடையும் அப்போதே கலந்துவிட்டன.

அந்தத் தெருவில் நின்றால் முதலில் தலையைத் தூக்கிப் பாருங்கள். கீழ்த்தளம் இன்றைய கடை. அதற்கு மேலே இருப்பது அன்றைய வீடு, ஏறக்குறைய அப்படியே. முதல் மாடி ஜன்னல்கள்தான் மிக உயரமானவை, ஏனென்றால் விருந்தினரை உட்காரவைக்கும் கூடம் அங்கே இருந்தது. மேலே போகப் போக ஜன்னல் குட்டையாகும். கூரைக்கடியில் வேலைக்காரர்கள் படுத்தார்கள். நிலத்துக்குக் கீழே சமையலறை, நடைபாதைக்கடியில் கரி கொட்டிவைக்கும் நிலவறை. ஜன்னல் உயரத்தை வைத்தே யார் எங்கே இருந்தார்கள் என்று சொல்லிவிடலாம்.

கடையாக்கியதில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி கீழ்த்தளத்துச் சுவர். அதை இடித்துவிட்டுக் கண்ணாடி வைத்தால் மேலே உள்ள அத்தனை மாடிக் கல்லும் எதன்மேல் நிற்கும்? குறுக்கே ஒரு தடித்த உத்திரம் கொடுப்பார்கள். முதலில் மரத்தில், 19ஆம் நூற்றாண்டில் இரும்பிலும். அது வெளியே தெரியாதபடி மேலே நீளமான பெயர்ப்பலகையை அடித்துவிடுவார்கள். பலகையில் கடைப்பெயர் இருக்கும், பின்னால் வீட்டின் பாரம் இருக்கும்.

கண்ணாடியும் துப்பு கொடுக்கும். அன்றைக்குக் கண்ணாடியை ஊதிச் சுழற்றி வட்டத்தட்டாக விரித்து, அதிலிருந்து துண்டு வெட்டுவார்கள். பெரிய துண்டு கிடைக்காது. அதனால் பழைய கடைமுகப்பு என்றால் சின்னச் சின்னக் கட்டங்கள்தான். 1845இல் கண்ணாடி மீதான வரியை எடுத்தபிறகே பெரிய ஒற்றைக் கண்ணாடி மலிவானது. அப்புறம், கல்லால் அடைத்த ஜன்னலைக் காட்டி “ஜன்னல் வரிக்குப் பயந்து மூடியது” என்று சொல்லாத வழிகாட்டியே கிடையாது. 1696 முதல் 1851 வரை அந்த வரி இருந்தது உண்மை, அதற்காக மூடியதும் உண்டு. ஆனால் வரிசை கெடக்கூடாது என்று கட்டும்போதே பொய் ஜன்னலாக வைத்ததும் நிறைய.

சரி, உள்ளே வேலை பார்ப்பது எப்படி? அழகுதான், ஆனால் கஷ்டம். எங்கள் கடையில் லிஃப்ட் இல்லை. சரக்குப் பெட்டிகள் எல்லாம் வேலைக்காரர்களுக்காகக் கட்டிய பின்படிக்கட்டில் போகவேண்டும், அதுவோ ஒரு ஆளும் ஒரு பெட்டியும் சேர்ந்து திரும்ப முடியாத அகலம். முதல் மாடித் தரை தெருப்பக்கம் சரிந்திருக்கும். ராத்திரி சக்கரம் வைத்த துணி ஸ்டாண்டை நடுவில் விட்டுப் போனால், காலையில் ஜன்னலோரம் போய் நின்றிருக்கும். அட்டையை மடித்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பது என் முதல் நாள் பாடம்.

சுவரில் ஆணி அடிக்கவும் பயம். பாதுகாக்கப்பட்ட கட்டிடத்தின் தன்மையை மாற்றும் வேலையை அனுமதி இல்லாமல் செய்தால் அங்கே அது குற்றம். எங்கள் மேலாளர் ஒரு கண்ணாடி மாட்டச் சுவரைத் துளைக்கப் போய், பழைய சுண்ணாம்புப் பூச்சு கையகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. அதை மறைக்க அலமாரியை நகர்த்தி, அலமாரியை நகர்த்தியதால் கதவு திறக்காமல் போய், ஒரு வாரம் அமர்க்களம்.

உடை மாற்றும் அறை அந்தப் பழைய கூடத்தின் ஒரு மூலை. திரைக்குப் பின்னால் இடுப்பளவு வெள்ளைப் பளிங்கில் கணப்பு, ஓரத்தில் செதுக்கிய பூமாலை. வாடிக்கையாளர்கள் கைப்பையை அதன் மேல் வைப்பார்கள். கூரையடி அறையிலும் ஒரு கணப்பு உண்டு. ஷூ பெட்டி அளவுதான், செதுக்கல் எதுவும் இல்லாத வெறும் இரும்பு. அங்கே நாங்கள் உடைந்த ஹேங்கர்களைப் போட்டு வைத்திருந்தோம்.