பிள்ளைகளைப் பறித்துவிடுவார்களா என்று கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, கனடாவின் ஸ்காபரோவுக்குக் கணவரின் ஸ்பொன்சரில் வந்து ஒன்றரை வருடம், இப்போது இரண்டு பிள்ளைகளோடு ஷெல்டரில் (பாதுகாப்பு இல்லத்தில்) இருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். "உனக்கு வேலையும் இல்லை, இங்கிலிஷும் இல்லை. பிள்ளையளை என்னட்டத்தான் தருவாங்கள், உன்னை ஊருக்கு ஏத்திவிடுவாங்கள்" என்று அவர் சொன்னது உண்மையா என்றும் கேட்டிருந்தீர்கள்.

ஊருக்கு ஏற்றுகிற கதை பொய். சில ஸ்பொன்சர்களுக்கு இரண்டு வருடம் சேர்ந்து வாழவேண்டும் என்ற நிபந்தனை முன்பு இருந்தது. 2017 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டார்கள். கையில் பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை) இருந்தால், பிரிந்த காரணத்துக்காக அது போகாது.

பிள்ளைகள் விஷயத்தில் என் கதையைச் சொல்கிறேன். 2009இல் நான் கோட்டுக்குப் போனபோது, "அடிச்ச கதையை எடுக்காதேங்கோ, தகப்பனிட்டயிருந்து பிள்ளையைப் பிரிக்கப் பாக்கிறீங்கள் எண்டு ஜட்ஜ் நினைப்பார்" என்றார் என் லோயர். எனக்கும் வெட்கம். சத்தியக்கடதாசியில் "ஒத்துப்போகவில்லை" என்று ஒரு வரியோடு விட்டேன். பிறகு ஒவ்வொரு வெள்ளி பின்னேரமும் ஒரு கோப்பிக்கடை பார்க்கிங்கில் மகனை ஒப்படைக்கவேண்டும். அவன் சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கமாட்டான். நான்தான் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டேன். எழுதாததை ஜட்ஜ் எங்கே அறிவார்?

இப்போது சட்டம் வேறு. 2021 மார்ச் 1 முதல் விவாகரத்துச் சட்டப்படி 'கஸ்டடி' என்று கோட் கொடுப்பதில்லை. முடிவெடுக்கும் பொறுப்பு யாருக்கு, பிள்ளையோடு யாருக்கு எவ்வளவு நேரம் என்றுதான் பார்க்கிறார்கள். நம் மாகாணமான ஒன்ராறியோவின் சட்டமும் அதே நாளில் மாறியது. குடும்ப வன்முறை என்றால் அடி மட்டுமில்லை: காசைப் பிடித்துவைப்பது, வெருட்டுவது, பின்தொடர்வது, ஆளை அடக்கி ஆள்வது எல்லாம் அதற்குள் வரும். பிள்ளை மேல் கை படவேண்டியதில்லை. அடுத்த அறையிலிருந்து கேட்டதும் கணக்கு. பொலிஸ் கேஸ் இல்லையென்றாலும் கோட் அதைப் பார்த்தே ஆகவேண்டும். தாயை அடித்தது பிள்ளையைப் பாதிக்காது என்ற வாதம் நிற்காது என்று 2022இல் கனடா உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அவருக்கு வீடும் சம்பளமும் இருக்கிறது என்பதற்காக மட்டும் பிள்ளைகளை அவரிடம் கொடுத்துவிடமாட்டார்கள். பிள்ளைச் செலவுக் காசைக் கணக்குப்போட அவரின் சம்பளம் உதவும்.

அதனால் எழுதுங்கள். பிள்ளைகளைப் பற்றிக் கோட்டில் கொடுக்கும் சத்தியக்கடதாசி, படிவம் 35.1 என்று ஒன்று தருவார்கள். வன்முறையைப் பற்றிக் கேட்கும் இடத்தில் "அடிக்கடி அடித்தார்" என்று எழுதினால் காணாது. எந்த மாதம், எந்த அறை, பிள்ளை எங்கே நின்றது என்று எழுதவேண்டும். வொயிஸ் மெசேஜ் ஒன்றையும் அழிக்காதீர்கள். குடும்ப டொக்டரிடம் காயத்தைக் காட்டியிருந்தால் அந்தப் பதிவைக் கேட்டு வாங்குங்கள்.

அம்மா சொல்கிறார் என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு விமானம் ஏறிவிடாதீர்கள். தகப்பனின் சம்மதமோ கோட்டின் அனுமதியோ இல்லாமல் போனால் கடத்தல் என்று ஆகிவிடக்கூடும். கோயிலடியில் சமாதானம் பேச வருகிற பெரியவர்களுக்கு ஒரு வணக்கம் போதும்.

பிள்ளைகளை அவர் பார்க்கவே முடியாதபடி கோட் செய்துவிடும் என்றும் எண்ணவேண்டாம், அது அபூர்வம். முதலில் மேற்பார்வையோடு சந்திக்கும் நிலையத்தைக் கேளுங்கள். அங்கே நீங்களும் அவரும் முகம் பார்க்கத் தேவையில்லை. வழக்கு மெல்லத்தான் நகரும், மாதக்கணக்கில்.

வன்முறையிலிருந்து வந்தவர்களுக்கு சட்ட உதவி அமைப்பான லீகல் எயிட் இரண்டு மணிநேர ஆலோசனையை இலவசமாகத் தருகிறது. குடும்ப நீதிமன்ற ஆதரவுப் பணியாளர் என்று ஒருவரும் உண்டு, கோட்டுக்குக் கூடவே வருவார், அவருக்கும் காசில்லை. ஷெல்டரில் கேட்டால் இரண்டையும் பிடித்துத் தருவார்கள், இல்லாவிட்டால் உதவிச் சேவைகளைச் சொல்லும் 211 என்ற தொலைபேசி எண்ணுக்கு அடியுங்கள். அப்பொயின்ட்மென்ட் எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். மூத்தவள் இங்கிலிஷ் நல்லாய்க் கதைக்கிறாள் என்று அவளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.