சத்தம் ஓடுது, படம் திக்குது! கம்ப்யூட்டர் கேள்வி பதில்

கேள்வி: 2013-ல் வாங்கிய லேப்டாப். மூன்றாம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ராம். மகள் குரூப் 4 தேர்வுக்கு யூடியூபில் பாடம் பார்க்கிறாள். சத்தம் சீராக வருகிறது, படம் மட்டும் திக்கித் திக்கி ஓடுகிறது. அதே வைஃபையில் செல்போனில் நன்றாகவே ஓடுகிறது. ராமை 8 ஜிபி ஆக்கினால் சரியாகிவிடும் என்கிறார்கள் கடையில். போடலாமா?
(வாசகர், தண்டையார்பேட்டை)

பதில்: அவசரப்பட்டுப் போடாதீர்கள். நெட் போதவில்லை என்றால் படமும் சத்தமும் சேர்ந்தே நிற்கும், நடுவில் வட்டம் சுற்றும். உங்களுக்குச் சத்தம் நிற்கவே இல்லை. வீடியோ வந்து சேர்ந்துவிட்டது. அதை விரித்துக் காட்டத்தான் லேப்டாப் திணறுகிறது.

யூடியூப் ஒரே வீடியோவைப் பல விதமாகச் சுருக்கி வைத்திருக்கும்: ஹெச்.264, விபி9, ஏவி1. சுருக்கியதை விரிப்பதற்கென்றே சிப்புக்குள் தனி சர்க்யூட் இருக்கிறது. இன்டெலில் விபி9-க்கு முழுமையான சர்க்யூட் வந்தது ஏழாம் தலைமுறையில்; ஏவி1-க்குப் பதினோராம் தலைமுறையில். உங்கள் சிப்பில் இந்த மூன்றில் ஹெச்.264-க்கு மட்டும்தான் உண்டு. மற்றது எது வந்தாலும் மொத்தச் சுமையும் பிராசஸர் தலையில் விழும். அதற்கு ராம் எவ்வளவு இருந்தும் பயனில்லை.

ஓடுகிற வீடியோ மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்தி 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் திறங்கள். எந்த விதமாகச் சுருக்கியது என்று சொல்லும் 'கோடெக்ஸ்' வரியில் விபி09 அல்லது ஏவி01 என்று இருக்கிறதா பாருங்கள். அதன் அருகே 'டிராப்டு' என்று ஒரு எண் இருக்கும். வீடியோ என்பது வேகமாக மாறும் அசையாப் படங்கள்தான், ஒவ்வொன்றும் ஒரு ஃபிரேம்; அதில் காட்டாமல் விட்டுப்போனவை அவை. விநாடிக்கு 30 ஃபிரேம் வீடியோவில் ஒரு நிமிடத்துக்கு 1800 ஃபிரேம். அதில் நாலைந்து போனால் கண்ணுக்குத் தெரியாது. இருநூறு முந்நூறு போனால் நீங்கள் சொல்கிற திக்கல்தான்.

ஃபயர்ஃபாக்ஸில் 'என்ஹான்ஸ்டு ஹெச்264ஃபை' என்ற ஆட்-ஆன் இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் போட்டு, விபி9, ஏவி1, 60 ஃபிரேம் மூன்றையும் தடுக்கச் சொல்லி டிக் செய்யுங்கள். பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்தால் கோடெக்ஸ் வரி ஏவிசி1 என்று மாற வேண்டும், அதுதான் ஹெச்.264. பிரவுசர் செட்டிங்ஸில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் ஆனில் இருப்பது அவசியம். அது ஆஃபில் இருந்தால் சர்க்யூட் இருந்தும் இல்லாத மாதிரிதான். அந்தக் காலத்து லேப்டாப் திரை பெரும்பாலும் 1366×768. அதில் வீடியோ தரத்தை 1080 வைத்தாலும் கூடுதலாக ஒன்றும் தெரியப்போவதில்லை, 720 வையுங்கள். கரும்பலகை எழுத்து தெளிவாகவே தெரியும்.

இதற்குப் பிறகும் திக்கினால், பாடம் ஓடும்போதே டாஸ்க் மேனேஜரில் மெமரியை (ராம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை) பாருங்கள். 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் ராம் வாங்குவதில் அர்த்தம் உண்டு. அப்போதும் பழைய ராமைக் கழற்றி எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். அந்தக் காலத்து ராம் வகையான டிடிஆர்3-யிலேயே 1.5 வோல்ட், 1.35 வோல்ட் என இரண்டு வகை இருக்கிறது.

கேள்வி: முதல் கால் மணி நேரம் எந்த வீடியோவும் அருமையாக ஓடுகிறது. பிறகு ஃபேன் இரைகிறது, அடிப்பக்கம் கொதிக்கிறது, படம் தத்த ஆரம்பிக்கிறது.
(வாசகி, காசிமேடு)

பதில்: இது சூடு. சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் 'ஸ்பீடு', 'பேஸ் ஸ்பீடு' இரண்டும் இருக்கும். திக்கும் நேரத்தில் ஸ்பீடு, பேஸ் ஸ்பீடுக்கு வெகு கீழே இறங்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அடிமூடியைத் திறந்தால் ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் இடையில் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு மாதிரி ஒரு படலம் இருக்கும். காற்று வெளியே போகிற வழியை அடைப்பது அதுதான். கடலோரத்தில் உப்பு ஈரமும் லாரிப் புழுதியும் சேர்ந்து இது பசை போலப் பிடித்துக்கொள்ளும். வெளியிலிருந்து புளோயர் அடித்தால் அசையாது, சில சமயம் இன்னும் உள்ளே போய் அடைக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு (உள்ளே பதித்திருந்தால் அதன் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு), ஃபேனைத் தனியாக எடுத்து, படலத்தைக் கையாலோ சிமிட்டாவாலோ உரித்து எடுங்கள். தகடுகளை மெல்லிய பிரஷ்ஷால் துடையுங்கள். ஃபேனுக்குக் காற்று அடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போய்விடும்.

நாலைந்து வருடமாகத் திறக்காத லேப்டாப் என்றால் சிப்புக்கும் அதன் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட்டும் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தமாகத் துடைத்து, சிப் மேல் அரிசி மணி அளவு புதிதாக வையுங்கள். அதிகம் வைத்தால் நல்லது என்று நினைக்க வேண்டாம், பிதுங்கி வழியும். ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களின் பக்கத்தில் 1, 2, 3 என்று எண் இருக்கும்; அந்த வரிசையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள்.

மெத்தை மேல் வைத்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். காற்று இழுக்கும் துளைகள் அடியில்தான் இருக்கின்றன. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே கத்திரி வெயில் மதியத்தில் எவ்வளவு சுத்தம் செய்தாலும் கொஞ்சம் சிரமம்தான். கனமான பாடங்களைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டெல் லேப்டாப். சார்ஜர் மாற்றியதிலிருந்து எல்லாமே மந்தம், வீடியோ நகரவே இல்லை. சார்ஜரைப் பிடுங்கினால் சரியாகிறது!
(வாசகர், பெரம்பூர்)

பதில்: பழைய வட்டப் பின் டெல் சார்ஜரின் நடுவில் ஊசி போல் ஒரு பின் இருக்கும். சார்ஜர் எத்தனை வாட் என்று லேப்டாப்புக்குச் சொல்வது அது. டூப்ளிகேட் சார்ஜரில் அந்தத் தகவல் வராவிட்டால் பிராசஸர் வேகத்தை அடிமட்டத்துக்குக் குறைத்துவிடும், பேட்டரியும் சார்ஜ் ஏறாது. ஆன் செய்ததும் அடாப்டர் வகை தெரியவில்லை என்று ஒரு செய்தி வந்து போகும், கவனியுங்கள். பின் வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரிஜினல் சார்ஜர்தான் தீர்வு.

கேள்வி: ஸ்டுடியோவில் பென்டிரைவில் தந்த கல்யாண வீடியோ, எங்கள் நான்காம் தலைமுறை ஐ3-யில் நின்று நின்று ஓடுகிறது.
(வாசகி, திருவொற்றியூர்)

பதில்: விஎல்சியில் திறந்து கன்ட்ரோலுடன் ஜே அழுத்துங்கள். கோடெக் என்ற இடத்தில் ஹெச்இவிசி அல்லது ஹெச்.265 (இரண்டும் ஒரே சுருக்கும் முறைதான்), அளவு 3840×2160 என்று வந்தால், அந்தச் சிப்பால் அது முடியாது. இன்டெலில் ஹெச்இவிசிக்கு முழு சர்க்யூட் ஆறாம் தலைமுறையிலிருந்துதான்.

ஸ்டுடியோவிலேயே 'ஹெச்.264, 1080-யில் ஒரு காப்பி கொடுங்கள்' என்று கேட்பது உத்தமம். முடியாவிட்டால், முதலில் வீடியோவைப் பென்டிரைவிலிருந்து ஹார்டு டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள். பிறகு ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 'ஃபாஸ்ட் 1080பி30' என்ற பிரீசெட்டைத் தேர்ந்து மாற்றுங்கள். ஒரு மணி நேர வீடியோவுக்கே உங்கள் லேப்டாப் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும். சார்ஜரில் போட்டு, ஸ்லீப்பை நிறுத்திவிட்டு இரவில் ஓட விடுங்கள். மாற்றிய காப்பியை டிவியிலும் போட்டுப் பார்க்கலாம். ஒரிஜினலை மட்டும் அழித்துவிடாதீர்கள், அந்தத் தெளிவு திரும்ப வராது.