ஆஸ்துமாவுக்கு மாத்திரை இருக்கும்போது பம்ப் எதற்கு? பிடித்தால் பழகிவிடாதா?

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. அடிக்கடி இழுப்பு வருகிறது என்று டாக்டர் பம்ப் (இன்ஹேலர்) எழுதிக் கொடுத்தார். பம்ப் பிடித்தால் ஆயுசுக்கும் விட முடியாது, மாத்திரையே போதும் என்கிறார் மாமியார். என்ன செய்வது?

பதில்:

மாமியார் பேச்சைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் வீட்டில் அந்த மாமியார் வேலையைப் பார்த்தவன் நான்தான்.

நான் டாக்டர் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவன். இப்போது அட்டனில் டியூஷன் வகுப்பு எடுக்கிறேன். "டாக்டர் இல்லாதவன் மருந்தைப் பற்றி எழுதலாமா" என்று கேட்க இரண்டு பேர் வருவார்கள், வரட்டும். நான் எந்த மருந்தையும் சிபாரிசு செய்யவில்லை. உங்கள் டாக்டர் எழுதியதை நிறுத்த வேண்டாம் என்றுதான் சொல்லப் போகிறேன்.

அம்மாவுக்கு நாற்பது வயதுக்கு மேல் இழுப்பு ஆரம்பித்தது. விறகடுப்புப் புகை, புகை போக வழியில்லாத காம்பரா (லயத்து அறை), மழைக்காலத்தில் சுவரெல்லாம் ஈரம். கிளினிக்கில் பம்ப் தரப்போகிறார்கள் என்றதும் நான் கொழும்பிலிருந்து போன் போட்டு, "வேணாம்னு சொல்லிட்டு மாத்திரை கேளுங்க" என்றேன். நான் வேலை பார்த்த கடையில் ஒருவர் பம்ப் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார். அதைப் பார்த்து நானாக எடுத்த முடிவு. ஏ.எல். (உயர்தரம்) படித்த மகன் சொன்னால் அம்மாவுக்கு அதுதான் வேதவாக்கு.

மூச்சுக்குழாயை விரிக்கிற சல்பியூட்டமோல் மாத்திரை கொடுத்தார்கள். இழுப்பு கொஞ்சம் அடங்கியது, ஆனால் கை நடுங்க ஆரம்பித்தது. சாயத்தண்ணிக் (பால் இல்லாத தேநீர்) கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பார். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்பார். ஒரு நாளைக்கு 18 கிலோ கொழுந்து எடுக்க வேண்டிய கை அது.

ஏன் அப்படி என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. மாத்திரை ஒன்றில் இருப்பது 2 அல்லது 4 மில்லிகிராம். பம்ப்பை ஒரு தடவை அமுக்கினால் வருவது 100 மைக்ரோகிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள், 4 மில்லிகிராம் மாத்திரை ஒன்று 40 அமுக்குக்குச் சமம். வேலை நெஞ்சுக்குள் இருக்கிற மூச்சுக்குழாயில். மாத்திரையோ வயிற்றில் கரைந்து, ஈரலைத் தாண்டி, இரத்தத்தோடு உடம்பெல்லாம் சுற்றித்தான் அங்கே போகும். போகிற வழியில் கைத்தசையையும் இதயத்தையும் தட்டிவிட்டுப் போகும். மாத்திரை வேலையைத் தொடங்க அரை மணி நேரம் வரை ஆகலாம், இழுத்துக்கொண்டு கிடக்கிறவருக்கு அது சின்ன நேரம் இல்லை. பம்ப் மருந்து சில நிமிடத்தில் வேலையைத் தொடங்கிவிடும்.

அடுத்த கிளினிக்கில் நடுக்கத்தைச் சொன்னதும் மாத்திரையை நிறுத்திவிட்டு, கெப்ஸ்யூலும் ஒரு சின்ன பிளாஸ்டிக் கருவியும் கொடுத்தார்கள். மருந்து உறையில் இருந்த எழுத்து அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாத மொழி. கொடுத்தவர் பேசியதும் அந்த மொழிதான். பின்னால் நூறு பேர் வரிசை. "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்பது மட்டும் விரல் சைகையில் புரிந்திருக்கிறது. அம்மாவும் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று தவறாமல் விழுங்கியிருக்கிறார்.

தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த அன்றுதான் பார்த்தேன். ரொட்டியைத் தின்று முடித்து, கெப்ஸ்யூலை வாயில் போட்டு, சாயத்தண்ணியை ஊற்றி முழுங்கினார். "அந்தக் கருவி எங்கம்மா?" என்றேன். பிஸ்கட் டின்னிலிருந்து துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்தார். "வெலகூடின சாமானா இருக்கும்னு பத்திரமா வச்சிருக்கேன்" என்றார். பதினொரு நாளாக நெஞ்சுக்குப் போக வேண்டியது வயிற்றுக்குப் போயிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு "தோட்டத்து ஆட்களுக்குப் படிப்பறிவு இல்லை" என்று எழுதக் கை துறுதுறுக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. 2008இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதே விஷயத்துக்காக ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. டயோட்ரோபியம், ஃபோர்மோடெரோல் என்கிற உறிஞ்சும் மருந்துக் கெப்ஸ்யூல்களைக் கருவியில் போட்டு உறிஞ்சாமல் விழுங்கிவிடுகிறார்கள் என்று. அவர்கள் கொழுந்து எடுக்கிறவர்கள் இல்லை, பெட்டி மேல் இருந்ததும் அவர்களுடைய மொழிதான். கெப்ஸ்யூலைப் பார்த்தால் விழுங்கத் தோன்றுவது மனுஷ சுபாவம்.

தீபாவளி அன்று ராத்திரி இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) உட்கார்ந்து இரண்டு பேரும் பழகினோம். கெப்ஸ்யூலைக் கருவியின் ஓட்டையில் செருக வேண்டும். அடியைத் திருகினால் உள்ளே அது பிரிந்து பொடி கொட்டும். மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு (கருவிக்குள் அல்ல, வெளியே) வாயில் வைத்து வேகமாக உறிஞ்ச வேண்டும். அப்புறம் பத்து எண்ணும் வரை மூச்சைப் பிடிக்க வேண்டும். முதல் இரண்டு தடவை இருமல்தான் வந்தது. மூன்றாவது தடவை கண்ணை மூடி எண்ணி முடித்தவர், "இனிக்குதுடா" என்றார். நான் நம்பவில்லை. பிறகுதான் தெரிந்தது, அந்தப் பொடியில் பெரும்பங்கு லாக்டோஸ், பால் சர்க்கரை. மருந்து துளியூண்டு. அதைச் சுமந்து போக ஒரு கூலி வேண்டியிருக்கிறது.

கெப்ஸ்யூலுக்கும் எங்கள் ஊர் மழைக்கும் ஒத்துவரவில்லை. மூடியை இறுக்காமல் விட்டதில் ஈரம் புகுந்து பொடி கட்டியாகிவிட்டது. அதனால் டாக்டர் அமுக்குகிற பம்ப்புக்கு மாற்றினார். கெப்ஸ்யூலை வேகமாக உறிஞ்ச வேண்டும், பம்ப்பை மெதுவாக இழுக்க வேண்டும். இதைக் குழப்பிக்கொண்டால் மருந்தெல்லாம் தொண்டையில் அடித்து நின்றுவிடும். சரியாக இழுத்தாலும் பெரும்பகுதி வாயிலும் தொண்டையிலும்தான் படிகிறது. அதனால்தான் பம்ப்புக்கும் வாய்க்கும் நடுவில் ஸ்பேசர் என்று ஒரு குழல் வைக்கச் சொல்கிறார்கள். உங்கள் மகனுக்கு 8 வயதுதானே, ஸ்பேசர் இல்லாமல் கொடுக்காதீர்கள்.

அந்த ஸ்பேசரை நான் இணையத்தில் வாங்கினேன். கொண்டுவந்த பையன் தொழிற்சாலை கேட்டில் நின்று போன் செய்தான், "வீட்டு நம்பர் என்ன?" நம்பரா? எங்கள் ஆட்கள் மலையகத்துக்கு வந்து 200 வருஷம் என்று 2023இல் நினைவு நடை எல்லாம் நடந்தோம். எங்கள் லயத்துக்கு வீட்டு இலக்கமும் இல்லை, தெருப்பெயரும் இல்லை. கடிதம் வந்தால் தோட்டத்து ஆபீசில் கிடக்கும், யாராவது இரக்கப்பட்டுக் கொண்டுவந்தால் உண்டு. பக்கத்துக் காம்பரா தம்பியின் நேர்முகக் கடிதம் தேதி முடிந்து மூன்றாம் நாள் கைக்கு வந்தது. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. பார்சல் திரும்பிப் போய்விட்டது.

அது மறுபடி வரும் வரை டாக்டர் ஒரு வழி சொன்னார். 500 மில்லி பிளாஸ்டிக் போத்தலின் அடியில் பம்ப்பின் வாய் அளவுக்கு ஓட்டை போட்டு, காற்றுப் போகாமல் ஒட்டி, போத்தல் வாயால் இழுப்பது. தென்னாப்பிரிக்காவில் குழந்தைகளிடம் பரிசோதித்து, கடையில் விற்கிற ஸ்பேசர் அளவுக்கு வேலை செய்கிறது என்று 1999இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் நீங்களாகச் செய்து பார்க்காதீர்கள், டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பழகிவிடுமா என்று கேட்டீர்களே. பம்ப் போதை இல்லை. நோய் போகாமல் இருப்பதால் மருந்து தேவைப்படுகிறது, அவ்வளவுதான். தினமும் பிடிக்கச் சொன்ன ஸ்டீராய்டு பம்ப் இருந்தால் இழுப்பு இல்லாத நாளிலும் விடாமல் கொடுங்கள், முடிந்ததும் வாய் கொப்பளிக்க வையுங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படரலாம். அவசரத்துக்கு வைத்திருக்கிற நீலப் பம்ப் அடிக்கடி தேவைப்பட்டால் 'பழகிவிட்டது' என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் போங்கள். குளிரான ஊராக இருந்தால் இன்னொன்று: புட்டி சில்லென்று இருந்தால் மருந்து சரியாக வராது. உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் போதும், அடுப்படிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ஒரு புட்டியில் பெரும்பாலும் 200 தடவைக்குத்தான் மருந்து. தீர்ந்த பிறகும் காற்று வரும், குலுக்கிப் பார்த்துச் சொல்ல முடியாது. அம்மா அமுக்கிய ஒவ்வொரு தடவைக்கும் காலண்டரில் பென்சிலால் ஒரு கோடு போடுகிறார். நான் போனில் கணக்கு வைக்கிறேன் என்றேன், சம்மதிக்கவில்லை. முப்பது வருஷம் தராசு பிடித்தவர்களிடம் கொழுந்து நிறுத்தவர், தன் கணக்கை இனி யாரிடமும் கொடுப்பதாக இல்லை.