சீசர் கொலை: நாடகத்தில் ஒன்று, வரலாற்றில் ஒன்று

ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தைப் படிக்கும் மாணவர்கள் கேட்டவை.

சார், சீசர்தானே ரோமின் முதல் பேரரசர்?

இல்லை தம்பி. அவர் வாழ்நாள் சர்வாதிகாரி. முதல் பேரரசர் அவருடைய தத்துப்பிள்ளை ஆக்டேவியன், கி.மு. 27-இல் அகஸ்டஸ் என்று பட்டம் பெற்றவர்.

சீசரைக் கொன்றவர்களில் ஒருவனான புரூட்டஸ் பேசியதும் ஆரவாரம் செய்கிற கூட்டம், சீசரின் நண்பன் ஆண்டனி பேசியதும் புரூட்டஸின் வீட்டைக் கொளுத்தக் கிளம்புகிறது. ஜனங்களுக்கு மூளையே இல்லையா சார்? ஐந்து மதிப்பெண் கேள்வி.

அப்படி எழுதினால் ஒரு மதிப்பெண்கூடத் தேறாது! இரண்டு பேரும் எப்படிப் பேசுகிறார்கள் என்று பாரும்மா. புரூட்டஸ் பேசுவது உரைநடை. சீசர் பேராசைக்காரர் என்கிறான், ஆதாரம் ஒன்றும் காட்டவில்லை. போதாக்குறைக்கு, கூட்டுச் சதிகாரன் காசியஸ் தடுத்தும் கேட்காமல் ஆண்டனியைப் பேசவிட்டு, தான் கிளம்பியும் போய்விடுகிறான்.

ஆண்டனி பேசுவது கவிதை. "புரூட்டஸ் மதிப்புக்குரியவர்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். நடுநடுவே கஜானாவை நிரப்பியது, ஏழைகளுக்காக அழுதது, மகுடத்தை மூன்று முறை மறுத்தது என்று சீசரின் செயல்களைச் செருகுகிறான். போகப்போக அந்தப் பாராட்டே ஏளனமாகிறது. அப்புறம் சீசரின் உயிலைக் காட்டுகிறான், ஆனால் உடனே படிப்பதில்லை. சீசரின் மேலங்கியைத் தூக்கி, இந்த ஓட்டை காசியஸ் குத்தியது, இது காஸ்கா, இது புரூட்டஸ் என்று வரிசையாகக் காட்டுகிறான். கொலை நடந்தபோது அவன் அந்த இடத்திலேயே இல்லை. சதிகாரர்களில் ஒருவனான டிரெபோனியஸ் முன்பே நைசாக வெளியே கூட்டிப் போய்விட்டான். எந்த ஓட்டை யாருடையது என்று இவனுக்கு எப்படித் தெரியும்? கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. இந்த ஒரு வரியை எழுது, விடை தனியாகத் தெரியும். ரோமர்களுக்கு ஆளுக்கு 75 டிராக்மா (வெள்ளிக் காசு) என்ற உயில் விவரம் வருவது கடைசியில்தான்.

"நீயுமா புரூட்டஸ்?" என்று உண்மையிலேயே சொன்னாரா?

அது நாடக வசனம். சுமார் 150 ஆண்டு கழித்து எழுதிய ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ், ஒரு முனகலைத் தவிர வேறு பேச்சில்லை என்கிறார்; கிரேக்கத்தில் "நீயுமா, மகனே?" என்று கேட்டதாகச் சிலர் சொல்வதையும் குறிப்பிடுகிறார். காயங்கள் 23, அதில் உயிரைப் பறித்தது ஒன்றே ஒன்று என்பது அவர் தரும் மருத்துவர் கணிப்பு. நாடகத்தில் 33! இடமும் மாறியிருக்கிறது: நாடகத்தில் ரோமின் கேப்பிட்டல் குன்று, நிஜத்தில் பாம்ப்பி (Pompey) என்ற ரோமானியத் தளபதி கட்டிய மண்டபம். ஆங்கிலத் தாளில் 33, வரலாற்றுத் தாளில் 23 என்று எழுதுங்கள்.

இரண்டாம் அங்கத்தில் கடிகாரம் மூன்று மணி அடிக்கிறதே சார்?

நல்ல கண்ணு உனக்கு! ரோமில் இருந்தவை சூரியக் கடிகாரமும் நீர்க் கடிகாரமும்தான். மணியடிக்கும் கடிகாரம் 1599 வாக்கில் லண்டனில் நாடகம் பார்க்க வந்தவர்களுக்குப் பழக்கமானது.