பையன் சரின்னுட்டான், நான் விலைய ஏத்திட்டேன்

மேடம் வணக்கம்,

நான் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் சிந்துபூந்துறைல இருக்கேன், வயசு 51, ஒரு கூட்டுறவு சொசைட்டில கணக்கு பாக்குதேன். விஷயத்தக் கேட்டா சிரிப்பிய, இதுக்கெல்லாமா ஆலோசனைன்னு நெனப்பிய, ஆனா ஒரு மாசத்துக்கு மேல ராத்திரி இதே நெனப்பா கிடக்கு, சரியா தூக்கமும் இல்ல, யார்ட்டயும் சொல்லக் கூச்சமா இருக்கு, அதான் எழுதுதேன்.

என்ட்ட ஒரு பழைய ஜாஸ் ட்ரம்ஸ் செட் இருக்கு. பேர்ல் கம்பெனி, எக்ஸ்போர்ட் மாடல், செவப்பு கலரு. 1995ல தூத்துக்குடில கப்பல் வேலை பாத்த ஒரு கூட்டாளி மூலமா செகண்ட் ஹேண்டா வந்துது. அப்ப நான் ஒரு ஆர்கெஸ்ட்ரால வாசிச்சிட்டு இருந்தேன், ட்ரூப் நடத்துன அண்ணாச்சிதான் முன்பணம் குடுத்து வாங்க வச்சாவ, ரெண்டு கோயில் கொடைத் திருவிழா சீசன் நான் வாசிச்ச சம்பளம் பூராம் அந்தக் கடனுக்கே போச்சு. வீட்ல ஏச்சு. ஆனா அந்த செட்ட மேடைல விரிச்சு லைட்டு பட்டு நிக்கும்போது பாக்கணுமே, எங்க ட்ரூப்புக்கே ஒரு மதிப்பு வந்துட்டு.

எனக்குத் தாளக்கிறுக்கு பிடிச்சது எங்க ஊரு சுடலை கோயில் கொடைலதான் மேடம், கணியான் கூத்துல மகுடம்னு ரெண்டு தோல் மேளம் அடிப்பாவல்லா, ஒண்ணு உச்சம் ஒண்ணு மந்தம், தோலு தொங்கிப்போச்சுன்னா தீயில வாட்டி வாட்டி எடுத்து அடிப்பாவ, நான் சாமியாடுதவியளப் பாக்காம அந்தக் கையத்தான் பாத்துக்கிட்டு நிப்பேன். பொறவு ட்ரம்ஸ்ல உக்காந்தப்பவும் தரைல நிக்கிற பெரிய ட்ரம் ஃப்ளோர் டாம மந்தம்னும் முன்னால உள்ள சின்ன ட்ரம் ஸ்னேர உச்சம்னும் மனசுக்குள்ள வச்சுத்தான் வாசிப்பேன். களக்காடு, முக்கூடல், சேரன்மாதேவி, பாப்பாக்குடின்னு நாங்க போகாத கொடை கிடையாது, சித்திரைலயும் ஆடிலயும் வீடு தங்க மாட்டேன், விடிய விடிய கச்சேரி நடக்கும்.

அப்புறம் எல்லாம் மாறிப்போச்சு. 2000ல ஒலி மாசு சட்டம் வந்து ராத்திரி 10 மணிக்கு மேல மைக்கு கிடையாதுன்னாவ, முதல்ல யாரும் கண்டுக்கல, போகப் போக போலீஸ் கெடுபிடி ஆயிட்டு. ஆக்டோபேட்னு எலக்ட்ரானிக் ட்ரம் பேட் ஒண்ண மடில வச்சு ஒருத்தன் எல்லா சவுண்டும் குடுத்தா இவ்வளவு பெரிய செட்ட வேன்ல ஏத்தி எறக்க யாருக்குக் கிறுக்கு. இப்ப எங்க பக்கத்துக் கொடைல கேரளா செண்டையும் டிஜேவும்தான். எங்க ட்ரூப்பு 2009ல கலைஞ்சு போச்சு, அண்ணாச்சியும் இப்ப இல்ல.

செட்டு மச்சு ரூம்ல இருக்கு. மாசம் ஒருக்கா தொடச்சு, போல்ட்டுக்கெல்லாம் எண்ணெய் போட்டு, எங்க வீட்டுக்காரி பழைய சேலைய போட்டு மூடி வைப்பேன். 2023 டிசம்பர் 17ல ஆறு ஊருக்குள்ள வந்துதே, அப்ப நாங்க கீழதான், செட்டும் கீழ பட்டாசல்ல இருந்துது. தண்ணி வாசப்படிக்கு வந்ததும் நான் முதல்ல மேல தூக்குனது இதத்தான். பீரோல வீட்டுப் பத்திரம் இருந்துது, அத அவதான் எடுத்தா. இன்னைக்கும் சொந்தக்காரங்க வந்தா அந்தக் கதையச் சொல்லாம அனுப்ப மாட்டா.

இப்ப மச்ச வாடகைக்கு விடலாம்னு பேச்சு. மக கல்யாணமாகிப் போயிட்டா, மகன் சென்னைல இருக்கான், பணத்துக்கு முடைன்னு இல்ல, ஆனா சும்மா பூட்டிப் போட்டிருக்குன்னு எல்லாருக்கும் ஒரு இது. நானேதான் வித்துருவோம்னு சொன்னேன். பாளையங்கோட்டைல சர்ச்ல வாசிக்கிற ஒரு தம்பி, 20 வயசு இருக்கும், வந்து பாத்தான். உக்காந்து ஒரு ரவுண்டு வாசிச்சான், நல்ல கை. 28 ஆயிரம்னான், நான் 35ன்னேன். ரெண்டு நாள் கழிச்சு போன் பண்ணி சரிங்க அண்ணாச்சி 35 தாரேன்னான். நான் உடனே 40ன்னு சொல்லிட்டேன். ஏன் சொன்னேன்னு தெரியல மேடம், வாய்ல வந்துட்டு. அவன் ஒண்ணும் பேசல, யோசிச்சு சொல்லுதேன்னு வச்சுட்டான். வீட்டுக்காரி பக்கத்துலதான் இருந்தா, "விக்க மனசிருந்தா வித்திருப்பிய"ன்னு சொல்லிட்டு அடுக்களைக்குப் போயிட்டா. மகன்ட்ட சொன்னா "எலக்ட்ரானிக் கிட்டு வாங்கிக்கோங்கப்பா, ஹெட்போன் போட்டு வாசிக்கலாம்"ங்கான்.

விக்கவா வேண்டாமா? ஒரு வார்த்தைல சொன்னாலும் போதும்.

பேரு போடாதிய,
சிந்துபூந்துறை

அண்ணாச்சிக்கு வணக்கம்,

சிரிக்கல. நானும் இந்தச் சீமைக்காரிதான், கொடைக்கு முன்வரிசைல பாய விரிச்சு உக்காந்து பாதிக் கச்சேரில தூங்கிப்போன பிள்ளைகள்ல ஒருத்தி, நீங்க வாசிச்சு நான் கேட்டிருந்தாலும் இருக்கும். ஒரு வார்த்தைல மட்டும் பதில் சொல்ல முடியாது, ஏன்னா நீங்க கேட்டது ஒரு கேள்வியே இல்ல, ரெண்டு. அதுக்கு வாரேன்.

முதல்ல விலை. 1990ல கானமன், நெட்ச், தேலர்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் காலேஜ் பிள்ளைகள வச்சு நடத்துன ஒரு சோதனை பிரசுரமாச்சு. பாதிப் பேருக்கு காபி குடிக்கிற மக் ஒண்ணக் குடுத்துட்டு எவ்வளவுன்னா விப்பன்னு கேட்டாங்க, மீதிப் பேர்ட்ட எவ்வளவுன்னா வாங்குவன்னு கேட்டாங்க. வச்சிருந்தவங்க கேட்ட விலை, வாங்குறவங்க சொன்ன விலையப் போல ரெண்டு மடங்குக்கும் மேல. சும்மா கொஞ்ச நேரம் முன்னாடி கைக்கு வந்த மக்குக்கே இந்தப் பாடு! (இந்த மாதிரி ஆராய்ச்சிக்கெல்லாம் சேத்துத்தான் கானமனுக்கு 2002லயும் தேலருக்கு 2017லயும் பொருளாதார நோபல் குடுத்தாங்க.) அப்படி இருக்கும்போது ரெண்டு சீசன் சம்பளத்தப் போட்டு வாங்குன செட்டுக்கு அந்தத் தம்பி 28ன்னதும் உங்களுக்குச் சுருக்குன்னு பட்டதுல ஒரு அதிசயமும் இல்ல. 35 வரைக்கும் இந்த மக் கதைதான்.

ஆனா 40 வேற கதை அண்ணாச்சி. நீங்க கேட்ட விலைக்கே அவன் சரின்னுட்டான், நியாயமா சந்தோஷம் வரணும், உங்களுக்கு வந்தது பதட்டம். இது பணம் பத்தாம வந்த பதட்டம் கிடையாது, விலை படிஞ்சு போச்சேன்னு வந்தது. அவன் 40க்கும் சரின்னிருந்தா நீங்க 45 சொல்லிருப்பிய, எனக்கு அதுல சந்தேகமே இல்ல. செட்டு மச்சுல இருக்க வரைக்கும் நீங்க ட்ரம்மர், என்ன, இப்ப கொஞ்ச நாளா வாசிக்கல, அவ்வளவுதான். அது படியிறங்கிப் போயிட்டா சொசைட்டில கணக்கு பாக்குற ஆளு மட்டும்தான் மிச்சம்னு உள்ளுக்குள்ள ஒரு பயம் ஓடுது, அந்தப் பயத்துக்குத்தான் விலை வைக்கிய, அதுக்கு எத்தன ஆயிரம் குடுத்தாலும் பத்தாது. நம்ம சாமான்கள நாம "நான்"ங்கிறதுக்குள்ளயே சேத்துக்கிடுதோம்னு ரஸ்ஸல் பெல்க்னு ஒரு பேராசிரியர் 1988ல விரிவா எழுதிருக்காரு. வெள்ளத்துல பத்திரத்த விட்டுட்டு ட்ரம்ஸ தூக்குனியளே, அத விட எடுத்துக்காட்டு அவருக்குக் கிடைச்சிருக்காது.

இனி நான் கவனிச்ச ஒண்ணச் சொல்லுதேன். உங்க லெட்டர ரெண்டு தரம் படிச்சேன். தொடைக்கிய, எண்ணெய் போடுதிய, மூடி வைக்கிய, மேல தூக்குதிய. 2009க்குப் பொறவு வாசிச்சேன்னு ஒரு இடத்துலகூட இல்ல. வந்த தம்பிதான் உக்காந்து வாசிச்சிருக்கான், நீங்க நின்னு பாத்திருக்கிய.

அப்போ முதல் கேள்வி, இனி நான் வாசிக்கப் போறேனா. ரெண்டாவதுதான் செட்ட விக்கவா. ரெண்டையும் ஒண்ணா முடிச்சுப் போட்டதாலதான் ராத்திரி தூக்கம் போகுது, முதல்ல உள்ளதுக்குப் பதில் தெரியாம ரெண்டாவதுக்கு எத்தன ராத்திரி யோசிச்சாலும் விடியாது. செட்ட வச்சிருந்தும் வாசிக்காம சாகலாம், வித்துட்டும் வாசிக்கலாம், எங்க தெருச் சர்ச்ல ஞாயித்துக்கிழமை வாசிக்கிற பாதிப்பேருக்குச் சொந்த செட்டு கிடையாது.

பதில யோசிச்சுக் கண்டுபிடிக்க முடியாது, உக்காந்து பாக்கணும். ஸ்னேருக்கும் கால்ல மிதிச்சு அடிக்கிற கிக் ட்ரம்முக்கும் மட்டுமாவது புது ஹெட்டு, அதான் அடிக்கிற தோலு, மாத்துங்க, பழைய ஹெட்டுல அடிச்சுட்டு சவுண்டே சரியில்லன்னு எந்திரிச்சு வந்துரக் கூடாது பாருங்க. கிக்குக்குள்ள ஒரு தலகாணிய வைங்க, டாம் மேல துண்டப் போடுங்க, ரெண்டு பக்கத்து வீட்லயும் முன்கூட்டியே சொல்லிருங்க, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம். பாட்டுக்கு வாசிக்கணும்னு இல்ல, உங்களுக்குத் தெரிஞ்ச அந்த உச்சம் மந்தம் கணக்கையே அடிங்க. ஒரு மாசம் போதும். முதல் வாரம் கை பேசாது, மணிக்கட்டு வலிக்கும், அத வச்சு முடிவெடுத்துராதிய. அதுக்கப்புறம் வாரத்துக்கு நடுவுல கை துறுதுறுங்குதா, இல்ல ஞாயித்துக்கிழமை வந்தா ஐயோ மேல போணுமேன்னு இருக்கான்னு பாருங்க. ரெண்டாவதா இருந்தா அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல, பதினாலு வருஷம் ஊர் ஊராப் போய் விடிய விடிய வாசிச்சாச்சு, போதும்னு உடம்பு சொன்னா கேட்டுக்கிட வேண்டியதுதான்.

கை துறுதுறுன்னா என்ன செய்ய, மச்சு வேணுமேன்னு கேப்பிய. இதுக்கு என் சித்தி மகன்ட்ட விசாரிச்சேன், அவனும் வாசிக்கிறவன். வெளியூர் மேடைகள்ல செட்டு அங்கயே இருக்குமாம், வாசிக்கிறவங்க அவங்கவங்க ஸ்னேர், சிம்பல் தட்டு, கிக் பெடல் மூணையும் மட்டும் கைல கொண்டு போவாங்களாம், ஒரு ட்ரம்மரோட சவுண்டு பெரும்பாலும் அதுலதான் இருக்குங்கான். உங்களுக்கு இது தெரியாததா. அந்த மூணையும் வச்சுக்கிட்டு கிக்கு, டாம், ஸ்டாண்டு எல்லாத்தையும் குடுத்தா கட்டிலுக்கடில அடங்கிரும், மச்சும் வாடகைக்குப் போயிரும். விலை கொறையும், அந்தத் தம்பிட்ட ஸ்னேரும் சிம்பலும் ஏற்கனவே இருக்கான்னும் கேட்டுக்கிடணும். மகன் சொன்ன எலக்ட்ரானிக் கிட்டு மோசமில்ல, ஆனா ஹெட்போன் போட்டாலும் கிக் பெடல் மிதிக்கிற அதிர்வு தரை வழியா கீழ கேக்கும், அதயும் யோசிச்சு வாங்கச் சொல்லுங்க.

பூராத்தையும் விக்கிறதுன்னு முடிவானா அதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யுங்க. 2017ல வெளிவந்த ஒரு அமெரிக்க ஆராய்ச்சி, யூனிவர்சிட்டி ஹாஸ்டல் பிள்ளைகள்ட்ட மனசுக்குப் பிடிச்ச பழைய சாமான்கள தானமா குடுங்கன்னு கேட்டாங்க, சில ஹாஸ்டல்ல மட்டும் அத ஒரு போட்டோ எடுத்து வச்சுட்டுக் குடுங்கன்னு சேத்துச் சொன்னாங்க. சும்மா கேட்ட இடத்துல 533 சாமான் வந்துது, போட்டோ எடுக்கச் சொன்ன இடத்துல 613. ஞாபகம் பத்திரமா இருக்குன்னு தெரிஞ்சா கை கொஞ்சம் லேசாகுது. உங்களுக்கு போட்டோ பத்தாது, மகன் ஊருக்கு வரும்போது நீங்க வாசிக்கிறத வீடியோ எடுக்கச் சொல்லுங்க, ஒவ்வொரு ட்ரம்மையும் தனித்தனியா அடிச்சு சவுண்டையும் ரெக்கார்ட் பண்ணி வைங்க.

வீட்ல சொன்ன அந்த ஒரு வரி இருக்கே, அத குத்தலா எடுத்துக்கிட்டியளோன்னு தோணுது. எனக்கு அப்படிப் படல. பத்திரம் கதைய வாற போற எல்லார்ட்டயும் சொல்லுதாவன்னா அதுல கொஞ்சம் பெருமையும் கலந்திருக்கும். மதினிட்ட நேரா கேளுங்க, நான் திரும்ப வாசிச்சா உனக்கு எப்படி இருக்கும்னு. இத்தன வருஷமா அவங்க சேலையத்தான் அது மேல போட்டு மூடுதிய, அவங்களுக்கும் ஒரு அபிப்பிராயம் இருக்கும்லா.

தூக்கத்தப் பத்தி. ட்ரம்ஸ் நெனப்புல மட்டும் போற தூக்கம்னா இதுலயே சரியாயிரும். சாப்பாடு, வேலை, பேச்சு எதுலயும் பிடிப்பில்லாம ரெண்டு வாரத்துக்கு மேல போச்சுன்னா ஐகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கு, ஒரு எட்டு போயிட்டு வாங்க. 14416க்கு போன் போட்டாலும் டெலி மானஸ்ல எந்நேரமும் தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

கடைசியா அந்தத் தம்பி. 20 வயசுப் பையன் 35 ஆயிரம் தாரேன்னு சொல்றதுக்கு எங்கெல்லாம் கேட்டிருப்பான்னு தெரியாது. உங்க முடிவுக்கு ஒரு மாசம் ஆகும், அதுவரைக்கும் அவனத் தொங்கல்ல விடாதிய. இந்த வாரமே போன் போட்டு, 40ன்னு சொன்னத விட்டுரு, குடுத்தா 35தான், ஆனா குடுப்பேனான்னு அடுத்த மாசம்தான் சொல்லுவேன், அதுக்குள்ள வேற செட்டு கிடைச்சா வாங்கிக்கோன்னு சொல்லிருங்க. ஹெட்டு மாத்தத் தெரிஞ்ச பையனா இருந்தா ஒரு ஞாயித்துக்கிழமை மச்சுக்கு வரவும் சொல்லுங்க.